ஸ்விட்ச்சுக்கும் புத்தி வந்தாச்சு!

உங்கள் வீட்டில் ராத்திரி கடைசியாகப் படுக்கப் போகிறவர் யார்?

பெரும்பாலும் அம்மா. அல்லது மனைவி. கேஸை மூடி, தெருக்கதவுத் தாழ்ப்பாளை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை இழுத்துப் பார்த்து, ஹால் லைட், கிச்சன் லைட், வாசல் லைட் என்று ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வருவார்கள். அந்த நேரத்தில் நாம் குப்புறப் படுத்துக்கொண்டு செல்போனை நோண்டிக்கொண்டிருப்போம். 'பாத்ரூம் லைட்டை யாரு அணைக்காம விட்டது?' என்று ஒரு குரல் வரும். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் பதில் மட்டும் வராது. அது ராணுவ ரகசியம்!

'கவலையை விடுங்க, அந்த வேலையை நான் பார்த்துக்கறேன்' என்று இப்போது ஸ்விட்ச்சே கிளம்பி வந்திருக்கிறது. ஆள் வந்தால் லைட் எரியும். ஆள் போனால் அணையும். ஆபீஸில் ஃபைலுக்கு நடுவே செல்போனை ஒரு தட்டுத் தட்டினால் வீட்டு ஏ.சி. ஓட ஆரம்பிக்கும். விளம்பரத்தில் ஒரு இளம் தம்பதி சோபாவில் சாய்ந்தபடி 'லைட்ஸ் ஆஃப்' என்கிறார்கள், வீடே இருட்டாகிறது. நம் வீட்டில் அதற்கு மின்வாரியம் போதும் என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

நான் பி.காம். படித்தவன். டிரான்ஸிஸ்டரைக் கொடுத்தால் எந்தக் கால் எங்கே போகும் என்று தெரியாது. ஆனால் வரவு செலவு தெரியும். அந்த ஒரு தைரியத்தில் ரிச்சி தெருக் கடைகளிலும், ரெண்டு மூன்று எலெக்ட்ரீஷியன்களிடமும், ஏற்கெனவே மாட்டிவிட்டு முழித்துக்கொண்டிருக்கிற நண்பர்களிடமும் விசாரித்தேன். விஷயம் சுவாரஸ்யமாகத்தான் இருக்கிறது.

முதலில் ஒன்று. இது நேற்று முளைத்த ஆசை இல்லை. 1966-லேயே அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இன்ஜினீயர் ஜிம் சதர்லாண்ட் என்பவர், கம்பெனியில் கழித்துக்கட்டிய பாகங்களை வைத்து வீட்டுக்கென்று ஒரு கம்ப்யூட்டர் செய்து வைத்திருந்தார். 'எக்கோ 4' என்று பெயர். கடைக்குப் போக லிஸ்ட் போட்டது, வீட்டுச் சூட்டைக் கவனித்துக்கொண்டது, சாதனங்களை ஆன் ஆஃப் செய்தது. எடை சுமார் 360 கிலோ! கடைக்கு வரவேயில்லை. பிறகு 1975-ல் ஸ்காட்லாந்தில் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனி, சுவருக்குள் ஏற்கெனவே ஓடுகிற கரண்ட் ஒயர் வழியாகவே சிக்னல் அனுப்பி லைட்டை அணைக்கிற வித்தையைக் கண்டுபிடித்தது. அவர்களுடைய பத்தாவது ப்ராஜெக்ட் என்பதால் 'எக்ஸ் 10' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அந்த 360 கிலோ வேலையை விரல் நகம் சைஸ் சிப் செய்கிறது. 2014-ல் ஷாங்காயில் உள்ள எஸ்ப்ரஸ்ஸிஃப் என்ற கம்பெனி வைஃபையோடு சேர்ந்த ஒரு சிப்பைச் சல்லிசான விலையில் விட்டது. அதற்கப்புறம்தான் பல்பு, பிளக், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் மூளை முளைக்க ஆரம்பித்தது. ஸ்மார்ட் ஸ்விட்ச்சைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வைஃபையில் உத்தரவு வாங்குகிற ஒரு சிப், அது சொன்னபடி 'டக்' என்று ஒட்டி விலகுகிற ரிலே. அவ்வளவுதான். சிப் என்பது மானேஜர். ரிலே என்பது பியூன். உழைக்கிறது பியூன்தான். கெட்டுப் போவதும் பெரும்பாலும் அவரேதான்!

இதில் ரெண்டு ஜாதி. ஒன்று, பழைய ஸ்விட்ச் போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பளபளவென்று கண்ணாடிப் பலகை மாட்டுவது. இன்னொன்று, இருக்கிற ஸ்விட்ச்சை அப்படியே விட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் சின்ன டப்பாவைச் செருகுவது. என் ஓட்டு ரெண்டாவதற்கு. காரணம், வீட்டில் பாட்டி இருக்கிறார். எண்பது வருஷமாக 'டக்'கென்று அமுக்கிப் பழகிய விரலுக்குக் கண்ணாடியைத் தடவச் சொன்னால் எப்படி? ஈர விரலால் தடவினால் பல மாடல் கேட்பதும் இல்லை. கையால் போட்டாலும் எரிய வேண்டும், போனில் போட்டாலும் எரிய வேண்டும். இந்த ஒரு நிபந்தனைக்கு ஒத்துவராத சாமானை, எத்தனை தள்ளுபடி கொடுத்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஸ்மார்ட் பல்பு வாங்கியவர்களின் கதை இன்னும் பரிதாபம். பல்புக்குள் மூளை இருக்கிறது. ஆனால் சுவரில் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டால் மூளைக்கு ஏது கரண்ட்? என் நண்பர் ஒருவர் பதினாறு கலரில் எரிகிற பல்பு மாட்டினார். அவருடைய அம்மா வழக்கம்போல் ராத்திரி எல்லா ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். மறுநாளிலிருந்து அந்த ஸ்விட்ச் மேல் செலோடேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதி வைத்திருக்கிறார். அறிவியல் முன்னேற்றம்!

இப்போது கதாநாயகனுக்கு வருவோம். மோஷன் சென்ஸார். சுவர் மூலையில் வெள்ளையாக, பாதி முட்டை மாதிரி உட்கார்ந்திருக்குமே, அது.

பலர் அதற்குள் கேமரா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தலையை வாரிக்கொள்கிறார்கள். இல்லை. அது பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, உங்கள் சூட்டை. மனித உடம்பு சதா சர்வகாலமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டிருக்கிறது. அந்த முட்டை ஓட்டில் கோடு கோடாகத் தெரிகிறதே, அத்தனையும் குட்டிக் குட்டி லென்ஸ்கள். அவை அறையைப் பல கட்டங்களாகப் பிரித்து உள்ளே இருக்கிற சென்ஸாருக்குக் காட்டுகின்றன. ஒரு கட்டத்திலிருந்து சூடான உருவம் அடுத்த கட்டத்துக்குத் தாண்டினால் 'ஆள் வந்தாச்சு' என்று அர்த்தம். பி.ஐ.ஆர். என்று சொல்லிக் கேட்டால் கடையில் கொடுப்பார்கள்.

இதிலிருந்தே அதன் பலவீனங்கள் அத்தனையையும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். குறுக்கே நடந்தால் சட்டென்று கண்டுபிடிக்கும். நேராக அதை நோக்கியே நடந்து வந்தால் கொஞ்சம் தாமதிக்கும். ஆகவே வாசலுக்கு எதிரே மாட்டாமல் பக்கவாட்டில் மாட்ட வேண்டும். கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதற்குத் தெரிய மாட்டார். மே மாதத்து வேலூரில் சுவரும் நாமும் ஒரே சூட்டில் இருக்கும்போது, எது சுவர் எது மனுஷன் என்று திணறும். ரேஞ்ச் குறையும். டிசம்பரில் அதே சென்ஸார் பிரமாதமாக வேலை செய்யும்.

பல்லி இன்னொரு பிரச்னை. வாசல் விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் பல்லி வரும். அந்த முட்டை மேலேயே ஏறி உட்காரும். லென்ஸை ஒட்டினாற்போல் ஏதாவது ஊர்ந்தால் சென்ஸாருக்கு அது டைனோசர் சைஸில் தெரியும். பல்லி விழுந்தால் பஞ்சாங்கத்தில் பலன் பார்த்த காலம் போய், பல்லி நடந்தால் லைட் எரிகிற காலம் வந்திருக்கிறது.

ஆனால் பி.ஐ.ஆர். சென்ஸாரால் மனித குலம் அதிகமாக அவமானப்பட்ட இடம் எது தெரியுமா? ஆபீஸ் டாய்லெட். உட்கார்ந்திருப்பீர்கள். அசைய மாட்டீர்கள். அசையாதவன் அதன் கணக்கில் இல்லாதவன். ரெண்டாவது நிமிஷம் லைட் போய்விடும். கும்மிருட்டில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ரெண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருப்பார். வெளியிலிருந்து பார்க்கிற பாக்கியம் யாருக்கும் கிடையாது என்பதுதான் ஒரே ஆறுதல். சென்ஸாரிலேயே 'டைம் டிலே' என்று ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி ஏழெட்டு நிமிஷம் வைத்தால் தீர்ந்தது. ஆனால் எந்தக் கட்டிடத்திலும் அதை யாரும் திருகுவதில்லை.

'அசையாதவனையும் கண்டுபிடிக்க இப்ப ரேடார் சென்ஸார் வந்திருக்கு சார்' என்று கடையில் சொன்னார்கள். உண்மைதான். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குகிறதே, அந்த அசைவையே பிடித்துவிடுகிறது. ஆனால் அதை நம் ஊர் பெட்ரூமில் மாட்டினால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மேலே சீலிங் ஃபேன் சுற்றுகிறது. 'ஏதோ அசைகிறது, ஆள் இருக்கிறார்' என்று ரேடார் நினைக்கிறது. ஆள் இருப்பதால் ஃபேனை ஓட விடுகிறது. ஃபேன் ஓடுவதால் ஆள் இருப்பதாக நினைக்கிறது. இப்படியே ஃபேன், தன்னைத் தானே உயிரோடு வைத்துக்கொள்ளும்! மாட்டுகிற இடத்தையும், அது பார்க்கிற தூரத்தையும் பொறுமையாக உட்கார்ந்து சரிசெய்தால்தான் இந்தச் சக்கரத்திலிருந்து தப்பிக்கலாம். சாதா பி.ஐ.ஆரைப் பெட்ரூம் ஃபேனுக்கு மாட்டுவதோ இதைவிட மோசம். தூங்குகிறவன் அசையமாட்டான், ஃபேன் நின்றுபோகும், வியர்த்து விழித்துக் கையை ஆட்டினால் ஓடும். ராத்திரி பூரா கொசு விரட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, இதனால் கரண்ட் பில் குறையுமா? இங்கேதான் பி.காம். கொஞ்சம் உதவுகிறது.

யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்லாபைப் பொறுத்துக் கூடும் குறையும். 9 வாட்ஸ் எல்.இ.டி. பல்பு தினம் 5 மணி நேரம் வீணாக எரிகிறது. வருஷத்துக்கு 16 யூனிட் சொச்சம். ரூபாயில் 98. அதை மிச்சம் பிடிக்க நீங்கள் மாட்டுகிற ஸ்மார்ட் ஸ்விட்ச், உத்தரவுக்காக 24 மணி நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறதே, அது சும்மாவா காத்திருக்கும்? ஒரு வாட்ஸ் குடித்தால்கூட வருஷத்துக்கு 8.76 யூனிட். 52 ரூபாய். ஆக நிகர லாபம் 46 ரூபாய். ஸ்விட்ச் டப்பா சுமார் 1,500 ரூபாய் என்றால், போட்ட முதல் திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நீங்களும் நானும் ரிட்டயர் ஆகிவிடுவோம்.

பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு காலத்தில் இதே கணக்கு வேறு. அப்போது அதே 5 மணி நேரத்துக்கு வருஷம் 657 ரூபாய் போயிருக்கும். எல்.இ.டி. பல்பு வந்து, சென்ஸார்காரர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள்.

ஃபேன் வேறு ஜாதி. 75 வாட்ஸ் ஃபேன் ஆளில்லாத ஹாலில் 5 மணி நேரம் சுற்றினால் வருஷத்துக்கு 137 யூனிட். 820 ரூபாய் காற்றோடு போகிறது. ஹால் ஃபேனுக்குச் சென்ஸார் மாட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பி.எல்.டி.ஸி. ஃபேன், சுமார் 30 வாட்ஸில் அதே காற்றைக் கொடுக்கிறதே! தினம் 12 மணி நேரம் ஓடுகிற ஃபேனை மாற்றினால் வருஷம் 1,180 ரூபாய் மிச்சம். அசட்டு ஃபேனுக்குப் புத்திசாலி ஸ்விட்ச் மாட்டுவதைவிட, புத்திசாலி ஃபேனுக்கு அசட்டு ஸ்விட்ச் மேல் என்பது என் ஆடிட் ரிப்போர்ட்.

லாபக் கணக்கு நிஜமாகவே உதைக்காமல் வருகிற இடம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. அபார்ட்மென்ட் மாடிப்படி. பன்னிரண்டு 20 வாட்ஸ் ட்யூப், சாயந்திரம் ஆறிலிருந்து காலை ஆறு வரை, யாரும் ஏறாத படிக்கட்டுக்கு விடிய விடிய வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும். வருஷத்துக்கு 1,051 யூனிட். சென்ஸார் போட்டால் ஒவ்வொன்றும் மொத்தம் ரெண்டு மணி நேரம் எரிந்தால் அதிகம். 876 யூனிட் மிச்சம். காமன் இணைப்புக்கு யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் 7,000 ரூபாய். சாதாரண பி.ஐ.ஆர். சென்ஸார் ஒன்று சுமார் 500. பன்னிரண்டுக்கு 6,000. ஒரே வருஷத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், பார்க்கிங் சண்டைக்கும் தண்ணி லாரி சண்டைக்கும் நடுவே இரண்டு நிமிஷம் கிடைத்தால் இதை எடுத்து விடுங்கள். செகரெட்டரி ஆக்கிவிடும் ஆபத்து இருக்கிறது, ஜாக்கிரதை.

இன்னொரு இடம், மொட்டை மாடி. 'தண்ணி வழியுது... மோட்டாரை ஆஃப் பண்ணுங்க!' என்ற கூக்குரல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இருக்கிறதா? மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்தால் அவ்வளவுதான். டேங்கில் மிதவை ஸ்விட்ச் வைத்து, நிரம்பினால் தானே நிற்கிற, குறைந்தால் தானே ஓடுகிற கன்ட்ரோலர் பல வருஷமாகக் கிடைக்கிறது. கீழே சம்ப்பில் தண்ணீர் இல்லையென்றால் மோட்டாரை ஓடவிடாத மாடலும் உண்டு. தண்ணீர் இல்லாமல் ஓடி மோட்டார் புகைந்தால் என்ன செலவு என்று ஒரு முறை காயில் கட்டியவரைக் கேளுங்கள். என்னைக் கேட்டால், நம் ஊர் வீட்டில் முதலில் புத்தி வர வேண்டியது லைட்டுக்கு அல்ல, மோட்டாருக்குத்தான். ஆனால் ஒன்று: சாதா ஸ்மார்ட் பிளக்கை மோட்டாருக்கு மாட்டக் கூடாது. மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். நம் பியூன், அதாவது ரிலே, அப்படியே உருகி ஒட்டிக்கொண்டால் நீங்கள் ஆயிரம் தடவை 'ஆஃப்' தட்டினாலும் மோட்டார் நிற்காது. அதற்கென்று ஸ்டார்ட்டரும் கான்டாக்டரும் இருக்கின்றன.

இந்த விஷயத்தில் கிராமத்து விவசாயி நம்மைவிட எத்தனையோ படி மேல். த்ரீ ஃபேஸ் கரண்ட் நடுராத்திரி வந்தால், டார்ச்சை அடித்துக்கொண்டு வரப்பில் பாம்புக்கும் பயந்துகொண்டு போன காலம் ஒன்று உண்டு. பம்ப்செட் ஸ்டார்ட்டரில் ஒரு ஸிம் கார்டைப் போட்டு, கட்டிலில் படுத்தபடியே போன் அடித்துக் கிளப்புகிறவர்கள் இன்று நிறையப் பேர். அவர்கள் யாரும் இதை 'ஸ்மார்ட் ஹோம்' என்று சொல்லிக்கொள்வதில்லை. 'செல்லு ஸ்டார்ட்டரு' என்கிறார்கள். முடிந்தது.

இனி கொஞ்சம் சிரிக்காமல் ஒரு விஷயம்.

கும்பகோணத்தில் என் நண்பரின் அப்பா. 74 வயது. நண்பர் இருப்பது சென்னையில். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தவர், கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஸ்விட்ச் எங்கே இருந்தது தெரியுமா? தலைமாட்டிலேயே. கை நீட்டினால் எட்டும். 'ஏம்ப்பா லைட்டைப் போட்டுக்கலை?' என்று ஆஸ்பத்திரியில் மகன் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: 'அவ அப்பத்தாண்டா கண் அசந்தா. லைட்டைப் போட்டா முழிச்சுப்பா.'

உலகம் பூராவும் வருஷத்துக்குச் சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் கணக்குச் சொன்னது. விபத்துச் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அதிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களே அதிகம்.

நண்பர் பிறகு செய்த காரியம் ரொம்பச் சின்னது. சென்ஸார் வைத்த குட்டி விளக்கு மூன்று. ஒன்று கட்டிலுக்கு அடியில், ஒன்று நடைபாதையில் முழங்கால் உயரத்தில், ஒன்று பாத்ரூம் நிலைப்படி அருகே. மொத்தச் செலவு 1,200 ரூபாய். ஆபரேஷனுக்கு ஆனதை நான் இங்கே எழுதவில்லை. கால் தரையில் பட்டால் மட்டுமே எரிகிற மாதிரி கட்டிலடியில் வைத்திருக்கிறார். புரண்டு படுத்ததற்கெல்லாம் எரியாது. மங்கலான மஞ்சள் வெளிச்சம். தரை தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவர் முகத்தில் அடிக்காது. பகலில் எரியாமல் இருக்க, வெளிச்சம் பார்க்கிற சின்னக் கண்ணும் அதிலேயே உண்டு. சார்ஜ் பண்ணுகிற விளக்கு என்றால் சார்ஜ் பண்ண மறந்துபோகும். பிளக் பாயின்ட் இருக்கிற இடத்தில் நேரடியாகச் செருகுகிற மாடலே நல்லது. கூடவே பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டிருக்கிறார். அது சென்ஸார் இல்லாத சாதாரண ஸ்டீல் கம்பிதான். ஆனால் அதுவும் வேண்டும்.

'இது பாட்டுக்கு எரியறது, அணையறது. ஒண்ணும் தொந்தரவு இல்லை' என்று சர்டிபிகேட் கொடுத்தார் அந்த அம்மா. 'ராத்திரி பூனை வந்தாகூடத் தெரிஞ்சுடறது!'

வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் சிலர் இன்னொன்றும் செய்கிறார்கள். ஊரில் அம்மா வீட்டு அடுக்களையில் ஒரு சென்ஸார். காலை ஆறு மணிக்கு அங்கே அசைவு தெரிந்தால் மகனின் போனில் ஒரு சின்ன அடையாளம் வரும். அம்மா எழுந்து காபி போட்டாச்சு. எட்டு மணி வரை வரவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குப் போன். கேமரா மாட்டினால் அம்மாவுக்குக் கூச்சம். இதில் அது இல்லை. ஆனால் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அம்மாவாகவே இருந்தாலும் வேவு வேவுதான்.

மாட்டுகிற வேலையை நீங்களே யூட்யூப் பார்த்துச் செய்ய ஆசைப்பட்டால், ஒரு நிமிஷம். ஒரு மூத்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னது இது: 'சார், சில வீட்ல ஃபேஸுக்குப் பதிலா நியூட்ரல்ல ஸ்விட்ச்சைக் குடுத்து வெச்சிருப்பான். ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும், ஹோல்டர்ல கரண்ட் இருக்கும். கைய வெச்சா போச்சு.' ஆகவே மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் கை. ஸ்மார்ட் ஸ்விட்ச் பெரும்பாலானவற்றுக்கு நியூட்ரல் ஒயர் வேண்டும். போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரல் அங்கே இருக்கும். வெறும் ஸ்விட்ச் மட்டும் இருக்கிற பெட்டியில் பல வீடுகளில் இருக்காது. 'நியூட்ரலே வேண்டாம்' என்று விற்கிற மாடல்கள் பல்பு வழியாகவே துளிக் கரண்ட்டைக் கசியவிட்டு உயிர் வாழ்கின்றன. அதனால் சில எல்.இ.டி. பல்புகள் அணைத்த பிறகும் நடுராத்திரியில் மினுக் மினுக் என்று கண் சிமிட்டும். மந்திரவாதியைக் கூப்பிட வேண்டாம். நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள்.

2,000 வாட்ஸ் கீஸர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் மாடல்தான் வாங்க வேண்டும். டப்பாவில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது லைட்டுக்கு. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.ஸி.ஸி.பி. இல்லையென்றால் முதலில் அதற்குச் செலவு பண்ணுங்கள். கரண்ட் உங்கள் உடம்பு வழியாகக் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மெயினை அணைக்கிற சாமான் அது. வீட்டிலேயே நிஜமான ஸ்மார்ட் ஸ்விட்ச் என்றால் அதுதான். அதற்கு ஆப் கிடையாது என்பதால் யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதில்லை.

செட்டிங்கில் 'கரண்ட் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்ய வேண்டும்' என்று ஒரு இடம் இருக்கும். அதில் 'ஆஃப்' என்று வைக்க மறக்காதீர்கள். தாம்பரத்தில் ஒரு நண்பர் வீட்டில் விடியற்காலை மூணு மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தது. வீட்டின் அத்தனை லைட்டும், வாசல், மாடி, தோட்டம் உள்பட, ஒரே நேரத்தில் பளீரென்று எரிந்தன. இவர்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க, எதிர்வீட்டுப் பெரியவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்!

பெரிய சிக்கல் வேறு. நீங்கள் ஹாலில் உட்கார்ந்து போனில் தட்டுகிற உத்தரவு, ஹால் பல்புக்குப் போக வேண்டிய தூரம் பத்தடி. ஆனால் பல மாடல்களில் அது கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற கம்பெனி கம்ப்யூட்டருக்குப் போய், அங்கே கும்பிடு போட்டு, திரும்பி வந்து உங்கள் பல்பை எரிக்கிறது. அந்தக் கம்பெனி கடையைக் கட்டினால்? நடந்திருக்கிறது. ரிவால்வ் என்று ஒரு கருவி, அமெரிக்காவில் 300 டாலர் விலை. 2014-ல் நெஸ்ட் கம்பெனி அதை வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் மிஞ்சியது ஒரு பிளாஸ்டிக் டப்பா. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் கம்பெனியின் சர்வர்கள் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றன. நம் பாட்டியின் 'டக்' ஸ்விட்ச்சை எந்தக் கம்பெனியாலும் அப்படி நிறுத்த முடியாது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. எல்லாக் கம்பெனி சாமானும் ஒன்றோடொன்று வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள 'மேட்டர்' என்று ஒரு பொது விதியை 2022 அக்டோபரில் கொண்டு வந்தார்கள். பெட்டி மேல் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். கம்ப்யூட்டரில் கை பழகிய இளைஞர்கள் 'ஹோம் அசிஸ்டென்ட்' என்கிற இலவச சாஃப்ட்வேரைச் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு, வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வீட்டை ஆட்டி வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கு நேர்ந்துவிட வேண்டும், கல்யாணமாகாதவர்களுக்கு உசிதம்.

எது வாங்கினாலும் பெட்டியோடு வருகிற பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்று ஒரு வில்லத்தனமான புரோகிராம் உலகம் பூராவும் வீட்டுக் கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துத் தன் படையில் சேர்த்து, பெரிய பெரிய வெப்சைட்களையே முடக்கியது. அது பூட்டை உடைக்கவில்லை. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால் நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனது.

பாஸ்வேர்ட் யார் கையில் என்பதில் குடும்ப அரசியலும் உண்டு. ஆபீஸில் இருந்தபடியே 'பகல்ல எதுக்கு ஏ.சி.?' என்று வீட்டு ஏ.சி.யை அணைக்கிற கணவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ராத்திரி நீங்கள் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். சாப்பாட்டுக்கு ஆப் கிடையாது. மன்னிக்கவும், இருக்கிறது. ஆனால் டெலிவரி சார்ஜ் ஜாஸ்தி.

வாடகை வீட்டுக்காரர்களும் மேன்ஷன்வாசிகளும் ஸ்விட்ச் போர்டில் கை வைக்காமல் இருப்பது நலம். ஆணி அடித்ததற்கே அட்வான்ஸில் கழிக்கிற ஹவுஸ் ஓனர்கள், போர்டைப் பிரித்தால் விடுவார்களா? உங்களுக்குச் செருகிப் பிடுங்குகிற ஸ்மார்ட் பிளக்கும், ஒட்டி எடுக்கிற சென்ஸார் விளக்கும் போதும். காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

ரிச்சி தெருவில் கடைசியாக ஒரு கடைக்காரரிடம், வாங்குகிற எல்லோரும் கேட்க வேண்டிய அந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

'நெட் போனா இது வேலை செய்யுமா?'

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

'நெட் போனா என்ன சார், எழுந்து போய்க் கையால போடுங்க. எங்க மாடல்ல அது முடியும். அதோ, அங்க தொங்குது பாருங்க, அதுல முடியாது. அது ஆயிரம் ரூபா ஜாஸ்தி!'